தேவியர் சீட்டுக்கட்டு: வாங்கலாமா?

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு புத்தகக் கடையில் கிடைக்கும் இந்தத் தமிழ்ச் சீட்டுக்கட்டு, உலகப் புராணத் தேவியர் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு வாழ்க்கைப் பாடத்தை எடுத்துத் தருகிறது. சுமேரியரின் இனன்னா, பாதாளத்தின் ஏழு வாயில்களிலும் மகுடம் முதல் ஆடை வரை ஒவ்வொன்றாக இழந்து, வெறுங்கையோடு பாதாள அரசியான தன் அக்காள் எரெஷ்கிகலின் முன் நிற்பதைச் சொல்லும் சீட்டுதான் இதில் முதல் தரம். பதவியும் பட்டமும் போன பின் மிஞ்சுவது என்ன என்று அது கேட்கும் கேள்வி, பணி ஓய்வு பெற்ற எவரையும் யோசிக்க வைக்கும். 1941இல் சித்திரக்கதையில் அறிமுகமான வொண்டர் வுமனுக்கு வெறும் ‘துணிந்து நில்’தான், உண்மையைச் சொல்ல வைக்கும் அவளது கயிற்றை விட்டுவிட்டார்கள். கிரேக்கரின் அறிவுத் தேவி ஏதெனாவின் சீட்டு சுமார்.

என் பெரிய மனக்குறை வேறு. பாணாசுரனை வதைக்கக் கன்னியாகவே நின்ற குமரி பகவதியைப் ‘பொறுமை’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கியிருப்பது, நம் மாவட்டத்தில் விற்கும் பொருளுக்கு அழகல்ல; திருமணம் தடைப்பட்ட சினத்தோடு அசுரனை எதிர்கொண்டவள் அல்லவா அவள்? நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் சரஸ்வதியைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

அட்டை தடிமன், எழுத்து தெளிவு. ஓரங்களில் மட்டும் பூச்சு உரிகிறது. கொலு பார்க்க வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்க வாங்கலாம், ஆனால் பகவதியின் கதையை நீங்களே சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.