எஃப்டி8 ஒலி அளவு: ரிக்கின் உள் சவுண்ட் கார்டா, குமிழ் வைத்த தனிப்பெட்டியா?

கணினி உருவாக்கும் ஒலித்தொனிகளாகச் செய்தி அனுப்பும் எஃப்டி8, பிஎஸ்கே31 போன்ற டிஜிட்டல் முறைகளில் இயங்க நினைக்கும் ஹாம் (அமெச்சூர் வானொலி இயக்குபவர்) ஒருவர், கணினியையும் ரிக்கையும் (வானொலி அனுப்பி-ஏற்பி) இணைப்பதற்குப் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றை நாடுகிறார். ஐகாம் ஐசி-7300, யேசு எஃப்டி-991ஏ போன்ற ரிக்குகளின் உள்ளேயே அமைந்திருக்கும் யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒரு வழி. சிக்னலிங்க் யூஎஸ்பி போன்ற, முன்பக்கம் குமிழ்கள் கொண்ட தனிப்பெட்டி இன்னொன்று. மடிக்கணினியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து மைக் இணைப்புக்கு நேராகக் கம்பி இழுப்பது மூன்றாவது. முதல் இரண்டிலும் இயங்கிப் பார்த்த பிறகு நான் ஐசி-7300-இன் உள் சவுண்ட் கார்டிலேயே நிலைத்துவிட்டேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

நேர்க்கம்பியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஹெட்ஃபோன் துளை தரும் மின்னழுத்தம் மைக் இணைப்பு எதிர்பார்ப்பதைவிடப் பல மடங்கு பெரிது என்பதால், இடையில் மின்தடைகளைக் கொண்டு அதைக் குறைத்தாக வேண்டும். எர்த் வழியாக வரும் ஹம் இரைச்சலைத் தடுக்கத் தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் தேவைப்படலாம். கணினியின் அறிவிப்பு மணிகளும் சேர்ந்தே வானலையில் போகும். சோதித்துப் பார்ப்பதற்கு அது போதும். நிலையான அமைப்புக்குப் போதாது.

ஏற்பு லெவலிலும் (ரிக்கிலிருந்து கணினிக்கு வரும் ஒலியின் அளவு) பெரிய போட்டி இல்லை. வெறும் பின்னணி இரைச்சல் மட்டும் கேட்கும்போது, எஃப்டி8-ஐ இயக்கும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் நிரலின் அளவுகாட்டி ஏறத்தாழ 30 டெசிபெல்லில் நின்றால் போதுமானது. 16 பிட் சவுண்ட் கார்டு கோட்பாட்டளவில் 96 டெசிபெல் வீச்சைக் கையாளும் என்பதால், சில டெசிபெல் ஏறினாலும் இறங்கினாலும் டிகோடிங் (ஒலியிலிருந்து செய்தியைப் பிரித்தெடுப்பது) கெடாது. ரிக்கின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒலியை எடுத்தால் அதன் வால்யூமைத் திருப்பும் போதெல்லாம் லெவல் மாறும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். ஐசி-7300-இன் யூஎஸ்பி வெளியீட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

உண்மையான வேறுபாடு அனுப்பும் பக்கத்தில்தான் இருக்கிறது. எஃப்டி8 சிக்னல் எந்தக் கணத்திலும் ஒரே ஒரு தொனி. அதன் வீச்சும் மாறுவதில்லை. ஆகவே ஏஎல்சி (உள்ளே வரும் ஒலி மிகும்போது ரிக் தானாகவே அதை அடக்கும் சுற்று) மீட்டரில் எவ்வளவு காட்டினாலும் கவலையில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். இது பாதி உண்மை. ஒலி நிலையிலேயே லெவல் மிகுந்து அலை சிதைந்துவிட்டால், 700 ஹெர்ட்ஸ் தொனிக்கு 1400-இலும் 2100-இலும் இணைத்தொனிகள் உருவாகின்றன. இரண்டுமே ரிக்கின் எஸ்எஸ்பி ஃபில்டருக்குள் (ஏறத்தாழ 3000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டும் விடும் வடிகட்டி) அடங்குவதால் அப்படியே வானலைக்குப் போய்விடும். எஃப்டி8 நிலையங்கள் கூடும் 14.074 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்ஸ் இடத்துக்குள் எத்தனையோ நிலையங்கள் நெருக்கியடித்து நிற்கும்போது, 50 ஹெர்ட்ஸ் அகலம் மட்டுமே தேவைப்படும் ஒருவர் மூன்று இடங்களைப் பிடித்துக்கொள்வது நியாயமில்லை. நிரலின் அமைப்பில் ஸ்ப்ளிட் வசதியை இயக்கினால், தொனி எப்போதும் 1500-க்கும் 2000-க்கும் இடையில் நிற்கும்படி டயல் அதிர்வெண் தானாக நகரும். இணைத்தொனிகள் 3000-க்கு மேலே போய் ஃபில்டரில் வெட்டுப்படும். எந்த இணைப்பைத் தேர்ந்தாலும் இதை இயக்கி வைப்பது நல்லது. பிஎஸ்கே31-இல் வீச்சே மாறிக்கொண்டிருப்பதால், அங்கே ஏஎல்சி தலையிட்டால் சிக்னல் நேரடியாகவே அகன்றுவிடும்.

இனி, என் தேர்வைத் தீர்மானித்த காரணத்துக்கு வருகிறேன். ஒருமுறை சரியாக அமைத்த லெவல் அப்படியே நிற்கிறதா, கலைந்தால் அதே இடத்துக்கு மீட்க முடிகிறதா என்பதே அது. அனுப்பும் ஒலியை ஏற்றி இறக்கும் நிரலின் பவர் ஸ்லைடர், விண்டோஸின் ஒலி அளவு, ரிக் அல்லது பெட்டியின் உள்ளீடு ஆகிய மூன்றும் ஒரே தண்ணீர்க் குழாயில் வரிசையாக வைத்த மூன்று திருகுகளைப் போன்றவை. ஒன்று அசைந்தாலும் கடைசியில் வருவது மாறும். எது அசைந்தது என்பது வருவதை மட்டும் பார்த்தால் தெரியாது. விண்டோஸோ, யூஎஸ்பி கம்பியை வேறு துளையில் செருகினாலே அதைப் புதிய சாதனமாக எண்ணி, ஒலி அளவைத் தன் விருப்பப்படி வைத்துவிடக் கூடியது.

ஐசி-7300-இல் உள்ளீட்டு லெவல், மெனுவில் ஒரு சதவீத எண்ணாக இருக்கிறது. ஆலையிலிருந்து வரும்போது அது 50. நான் கடைப்பிடிக்கும் வரிசை இது. எஃப்டி8 ஒவ்வொரு 15 விநாடிச் சுற்றிலும் 12.64 விநாடி இடைவிடாமல் முழு வலிமையில் ஓடி ரிக்கைச் சூடாக்குவதால், 100 வாட் ரிக்கை முதலில் 30 அல்லது 40 வாட்டுக்குக் குறைக்கிறேன். ஆர்எஃப் பவரை (வானலைக்குப் போகும் ஆற்றலை) பின்னால் குறைத்தால் அதே ஒலிக்கு ஏஎல்சி அதிகமாகக் காட்டும். எனவே இது முதலில்தான் நடக்க வேண்டும். அடுத்து விண்டோஸ் அளவை ஓர் எண்ணில் நிறுத்துகிறேன். நிரலின் ட்யூன் பொத்தானை அழுத்தித் தொடர்ச்சியான தொனியை அனுப்பி, ஏஎல்சி முள் லேசாக அசையத் தொடங்கும் வரை மெனுவின் சதவீதத்தை ஏற்றுகிறேன். கடைசியாக, வெளியேறும் வாட் சற்றே குறையும் வரை பவர் ஸ்லைடரை இறக்குகிறேன். இவ்வாறு கிடைத்த எண்களைக் குறித்து வைத்துக்கொண்டால், பின்னால் எது கலைந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பச் சில நிமிடங்கள் போதும். பவர் ஸ்லைடரின் இடத்தை ஒவ்வொரு பேண்டுக்கும் தனியாக நினைவில் கொள்ளும் வசதி நிரலின் ஆடியோ அமைப்பிலேயே இருக்கிறது. அதையும் இயக்கிவிட்டால் 40 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு மாறும்போது எதையும் தொட வேண்டியதில்லை.

தனிப்பெட்டிக்கு என்று சில வலிமைகள் உண்டு. மெனுவுக்குள் நுழையாமல், மீட்டரைப் பார்த்துக்கொண்டே குமிழைத் திருப்பலாம். உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்கள் கணினியின் எர்த்தை ரிக்கிலிருந்து பிரிப்பதால் ஹம் அண்டாது. ஐசி-7300-இன் யூஎஸ்பி கம்பியில் ஆர்எஃப் ஏறாமல் தடுக்க நான் ஃபெரைட் (காந்தப் பொருளால் ஆன வளையம்) மாட்ட வேண்டியிருந்தது. ரிக்கை மாற்றினாலும் அதே பெட்டியைப் பயன்படுத்தலாம் என்பது சிறிய ஆதாயமல்ல. ஆனால் குமிழின் நிலையை அதன் கோணத்தைப் பார்த்துத் தோராயமாகத்தான் குறித்து வைக்க முடியும். மேசையைத் துடைக்கும்போது கை பட்டாலும் அது நகரும். இதைவிட முக்கியமாக, சிக்னலிங்க் ஒலியை உணர்ந்துதான் பிடிடியை (ரிக்கை அனுப்பும் நிலைக்கு மாற்றும் விசை) இயக்குகிறது. பவர் ஸ்லைடரை அதிகம் இறக்கினால் ரிக் அனுப்பும் நிலைக்கே போகாமல் நின்றுவிடலாம். லெவலும் பிடிடியும் இப்படிப் பின்னிக் கிடப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

டிஜிட்டல் ஸ்லைடரில் குறைத்தால் ஒலியின் தரம் கெடும் என்ற வாதமும் உண்டு. 6 டெசிபெல்லுக்கு ஒரு பிட் இழப்பு என்று கணக்கிட்டால், 18 டெசிபெல் குறைத்தாலும் 16-இல் 13 பிட் மிஞ்சும். இந்த வேலைக்கு அது தாராளம்.

ஏஎல்சி பூஜ்யத்தில் நிற்க வேண்டும் என்று பலர் சொல்லும் விதியையும் எல்லா ரிக்குக்கும் அப்படியே பொருத்தக் கூடாது. எலெக்ராஃப்ட் கே3 ரிக்கின் ஏஎல்சி மீட்டரில் முதல் நான்கு கோடுகள் ஒலி அளவை மட்டுமே காட்டுகின்றன. ஐந்தாவது கோடு மின்னும்போதுதான் ஏஎல்சி தொடங்குகிறது. லீனியர் ஆம்ப்ளிஃபயரோடும் (ரிக்கின் ஆற்றலைப் பெருக்கும் தனிக்கருவி) மேக் கணினியோடும் நான் இயங்கியதில்லை. அந்த அமைப்புகளுக்கு என் வரிசையை அப்படியே பரிந்துரைக்க மாட்டேன்.

எஃப்டி-891 போன்ற, உள்ளே சவுண்ட் கார்டு இல்லாத ரிக் வைத்திருப்பவர் வெளிப்பெட்டிக்குத்தான் போக வேண்டும். அவருக்கு டிஜிரிக் போன்ற குமிழில்லாத சிறு பெட்டியைச் சொல்வேன். லெவல்கள் எல்லாம் நிரலிலும் விண்டோஸிலும் எண்களாகவே இருக்கும். குமிழ் உள்ள பெட்டி ஏற்கெனவே கையில் இருந்தால், ஸ்லைடரை உச்சத்துக்கு அருகில் வைத்துக் குமிழால் ஏஎல்சியைச் சரிசெய்துவிட்டு, குமிழின் விளிம்புக்கும் முகப்புக்கும் சேர்த்து ஒரு மெல்லிய கோடு இழுத்து வைக்கலாம்.