இன்டேக் வால்வில் கரி: ஸ்ப்ரேயா, வால்நட் ஓடா, கைவேலையா?

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்கள் இப்போது நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. வென்யூ டர்போ, செல்டோஸ் டர்போ, டைகுன், குஷாக், எக்ஸ்யூவி 700 எல்லாம் இந்த வகைதான். ஓட்டச் சுகமான எஞ்சின்கள். ஆனால் வருடங்கள் போகப்போக, காற்றை சிலிண்டருக்குள் விடும் இன்டேக் வால்வின் முதுகில் கரி படியும். என் காரிலும் படிந்தது. ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ வண்டி. மீட்டர் 70,000 கிலோமீட்டரை நெருங்கியபோது காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐடிலிங்கில் ஒரு நடுக்கம், அப்புறம் மேட்டில் பிக்கப் மந்தம், கடைசியில் செக் எஞ்சின் விளக்கு. என்ன செய்யலாம் என்று விசாரித்தபோது ஆளுக்கொரு வழி சொன்னார்கள். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாயான மேனிஃபோல்டைக் கழற்றிக் கையால் சுத்தம் செய்வது என்று முடிவு செய்தேன். ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

கரி ஏன் படிகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பழைய எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினில் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் விழுந்து, அதைக் கழுவிக்கொண்டேதான் உள்ளே போகும். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்கிறது. வால்வுக்குக் குளியலே கிடையாது. எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து, அதன் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பிவிடும் பி.சி.வி. வழியாக வரும் ஆயில் ஆவி மட்டும் சூடான வால்வில் ஒட்டி, காய்ந்து, இறுகிவிடும். 1996-இல் மிட்சுபிஷி கலாண்டில் ஜி.டி.ஐ. எஞ்சின் வந்த காலத்திலிருந்து கூடவே வரும் தொந்தரவு இது. டொயோட்டா தன் டி-4எஸ் எஞ்சின்களில், வால்வுக்கு முன்னால் உள்ள காற்றுப் பாதையில் பெட்ரோல் அடிக்கும் போர்ட் இன்ஜெக்டரையும் சேர்த்தே வைத்தது. ஃபோர்டு 2017 எஃப்-150-இன் 3.5 லிட்டர் ஈகோபூஸ்டில் அதையே செய்தது. வால்வைப் பெட்ரோல் கழுவ வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

இதிலிருந்தே சில வழிகள் அடிபட்டுப் போகின்றன. டேங்கில் ஊற்றும் கிளீனர் இன்ஜெக்டர் நுனிக்கு நல்லது, வால்வின் முதுகை எட்டிக்கூடப் பார்க்காது. 95 ஆக்டேன் பெட்ரோல் போட்டாலும் அதே கதை. ஹைட்ரஜன் வாயு விட்டு 'டீகார்பனைஸ்' செய்கிறோம் என்று போர்டு மாட்டியிருக்கிறார்களே, அந்த வாயு எரிவது சிலிண்டருக்குள். கரி இருப்பதோ நெருப்பு எட்டாத பக்கம். காவல்கிணறு தாண்டி நான்குவழிச் சாலையில் ஒரு மணி நேரம் விரட்டினால் போய்விடும் என்றும் சொல்வார்கள். நாகர்கோவிலுக்குள்ளேயே, வடசேரிக்கும் கோட்டாறுக்கும் நடுவில் மட்டுமே ஓடும் வண்டிக்கு அந்த ஓட்டம் நல்லதுதான், ஆயிலில் சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போகும். ஏற்கெனவே இறுகிய கரி அதற்கு அசையாது.

மிச்சம் மூன்று: எஞ்சின் ஓடும்போதே இன்டேக் வழியாக அடிக்கும் ஸ்ப்ரே, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடிக்கும் பிளாஸ்டிங், கரைப்பான் ஊற்றி ஊறவைத்து பிரஷால் தேய்க்கும் கைவேலை. மூன்றையும் நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டேன். பெயர்ந்து வரும் கரி எங்கே போகிறது?

ஸ்ப்ரேயில் அது எஞ்சினுக்குள்ளேதான் போகிறது, வேறு வழி இல்லை. மென்மையான படிவு என்றால் கரைந்து எரிந்துவிடும். தடித்துப்போன படிவு அப்படிக் கரையாது, செதில் செதிலாகப் பெயரும். ஒரு செதில் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டினால் அந்த சிலிண்டரில் கம்ப்ரஷன் போச்சு. தப்பி உள்ளே போனால் அடுத்து எக்ஸாஸ்ட் வால்வு, அதைத் தாண்டினால் டர்போவின் டர்பைன். நம் சின்ன எஞ்சின்களின் டர்போ நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றையும் தாண்டிச் சுற்றும். அந்த வேகத்தில் இறக்கையில் சின்னத் துணுக்கு பட்டாலும் ஆபத்துதான். அதற்கும் பின்னால், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் தேன்கூடு இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. ஸ்ப்ரே அடித்து நன்றாக ஓடும் வண்டிகள் நிறைய உண்டு. ஆனால் டர்போவும் கன்வெர்ட்டரும் விலை கூடிய உதிரிகள். வால்வைச் சுத்தம் செய்யப் போய் அவற்றைப் பணயம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. தக்கலைப் பக்கம் இருக்கும் வயதான மெக்கானிக் ஒருவர் இதையே ஒரு வரியில் சொன்னார்: "தம்பி, உள்ள வச்சே கரைச்சா அந்தக் கரி எங்கோட்டுப் போவும்? வெளிய எடுக்கணும்லா."

ஸ்ப்ரேயில் இன்னொரு குறை, வேலை முடிந்ததா இல்லையா என்று கண்ணால் பார்க்க முடியாது. மேனிஃபோல்டைக் கழற்றினால் ஆறு இன்டேக் வால்வும் கண் முன்னால் இருக்கும்.

வால்நட் ஓடு இந்தக் கேள்வியில் தேறிவிடுகிறது. அடிக்க அடிக்க வாக்யூம் குழாய் கரியையும் தூளையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். ஓட்டுத் தூள் கரியை உடைக்கும் அளவுக்குக் கடினம், வால்வின் உலோகத்தைக் கீறும் அளவுக்கு இல்லை. ஒன்றிரண்டு துகள் உள்ளே தங்கினாலும் எரிந்துபோகும். வேகமான வேலை, ஒரு சிலிண்டர் சில நிமிடங்களில் பளபளவென்று ஆகிவிடும். உறவினர் ஒருவரின் ஜெர்மன் காருக்குத் திருவனந்தபுரத்தில் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் பார்த்தது அந்த ஒரு காரைத்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அதற்குச் சரியான கருவி வேண்டும். அந்த எஞ்சினின் போர்ட்டுக்குப் பொருந்தும் அடாப்டர், ஈரம் சேராத கம்ப்ரஸர் காற்று, நல்ல தூள், மூன்றும் சேர வேண்டும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கிற மாவட்டம் இது. ஈரக் காற்றில் தூள் கட்டிதட்டி முனையை அடைத்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. வால்நட் தூள் கிடைக்கவில்லை என்று யாராவது மணலோ கார்னெட்டோ போட்டு அடிக்கிறேன் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் கார்னெட் இரும்பில் துரு உரிக்க அருமையான சரக்கு. அதன் கடினத்தன்மை மோஸ் அளவில் ஏழையொட்டி வரும். அதில் ஒரு துகள் சிலிண்டருக்குள் போனால் எரியாது, சுவரைக் கீறிக்கொண்டே இருக்கும்.

கைவேலைக்கு இந்தக் கருவி எதுவும் வேண்டாம், பொறுமையுள்ள ஆள் வேண்டும். தக்கலை மெக்கானிக்கிடம் அது இருந்தது. மேனிஃபோல்டைக் கழற்றியதும் மற்ற போர்ட்டுகளைச் சுத்தமான துணியால் அடைத்தார். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு, முதல் சிலிண்டரின் இரண்டு இன்டேக் வால்வும் மூடும் வரை எஞ்சினைக் கையால் திருப்பினார். பிறகு கரைப்பானைப் போர்ட்டில் ஊற்றிவிட்டுச் சும்மா நின்றார். மட்டம் இறங்குகிறதா என்று பார்க்கிறாராம். இறங்கினால் வால்வு சரியாக மூடவில்லை, கரைப்பான் சிலிண்டருக்குள் கசிகிறது என்று அர்த்தம். இந்தச் சோதனையைச் செய்கிறாரா என்று பார்த்தே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

ஊறிய கரி, கருப்பட்டி காய்ச்சிய உருளியில் அடிப்பிடித்த பாகு போல இருந்தது. நைலான் பிரஷும் பிளாஸ்டிக் குச்சியும்தான் ஆயுதம். வால்வு சீட் பக்கம் இரும்புச் சுரண்டியைக் கொண்டுபோகவே இல்லை. தேய்ப்பது, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் கறுப்புத் தண்ணீரை உறிஞ்சுவது, திரும்ப ஊற்றுவது, அப்படியே அடுத்த சிலிண்டர். ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. பில்லிலும் முக்கால்வாசி கூலிதான். முடிந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்றவிட்டார். சிலிண்டரில் கரைப்பான் தேங்கியிருந்தால் ஸ்டார்ட் செய்யும்போது கனெக்டிங் ராடே வளைந்துவிடும். மேனிஃபோல்டுக்குப் புது கேஸ்கெட், எஞ்சினுக்குப் புது ஆயில். இதில் எதையும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வால்நட் அளவுக்குப் பளபளப்பு வரவில்லை. வால்வின் தண்டு ஓரமாக மெல்லிய கறை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் காலை நடுக்கம் போய்விட்டது, விளக்கும் திரும்ப எரியவில்லை. மைலேஜ் கூடியது போலத் தோன்றுகிறது. அது புது ஆயிலாலா, பிளக்காலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

அதனால் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 20,000, 30,000 கிலோமீட்டருக்குள் இருக்கும் வண்டியில், படிவு தடிக்கும் முன்பே அடித்துக்கொண்டு வந்தால் அதற்கு ஒரு பயன் உண்டு. பி.சி.வி. குழாயின் நடுவில் மாட்டும் கேட்ச் கேன் என்ற டப்பா ஆயில் ஆவியை ஓரளவு பிடிக்கும், ஆனால் அடிக்கடி திறந்து கொட்ட வேண்டும், வாரண்டியிலும் கேள்வி வரும். நான் மாட்டவில்லை. ஆயிலை மட்டும் கம்பெனி சொன்ன கெடுவுக்கு முன்பே மாற்றிவிடுகிறேன்.

எந்த வழிக்குப் போனாலும் முதலில் பிளக்கையும் காயிலையும் பாருங்கள், அதே நடுக்கத்தை அவையும் கொடுக்கும். அப்புறம் போனில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமராவை இன்டேக்கில் விட்டு வால்வைப் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மேனிஃபோல்டைக் கழற்ற உங்கள் எஞ்சினில் ஹை பிரஷர் பெட்ரோல் பைப்பைத் தொட வேண்டியிருக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் அந்தப் பைப்பை ஒருமுறை கழற்றினால் புதுசுதான் போட வேண்டும், அது கைக்கு வந்த பிறகு வண்டியை விடுவது நல்லது.