சேலத்தில் பிக்கப்புக்கு லிஃப்ட், கியர் ரேஷியோ வேலை கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

ஏற்காட்டு மலையில் எஸ்டேட் லோடு அடிக்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். பட்டறையின் பெயரைப் போடவில்லை, புகார் கொடுக்கப் போகிறேன், அதனால்.

என் வண்டிக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. உர மூட்டையோடு கொண்டை ஊசி வளைவில் திரும்பினால் முதல் கியரிலேயே திணறும், கிளட்ச் தீய்ந்த வாடை கேபினுக்குள் வரும். இதைச் சொன்னதும் பட்டறைக்காரர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "சார், வண்டி தாழ்வா இருக்குதுங்க. ரெண்டு இன்ச் தூக்கி 31 இன்ச் டயர் போட்டா மலை சும்மா ஏறும்" என்றார். நானும் நம்பிச் செய்துகொண்டேன்.

இழுவைக்கும் உயரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. லோடைத் தாங்குகிற கமான் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் கட்டை வைத்தால் வண்டியின் சட்டமான சேஸ் உயரும், அவ்வளவுதான். எஸ்டேட் பாதையில் கல்லில் இடிக்கிற டிஃபரன்ஷியல் ஹவுசிங், ஆக்ஸில் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கிற அந்தக் குண்டு, இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தரையிலிருந்து உயர்த்துவது பெரிய டயர்தான், ஆனால் அந்த டயரே இழுவையைத் தின்றுவிடும். என் பழைய டயர் 215/75 ஆர்15, விட்டம் சுமார் 703 மி.மீ. 31 இன்ச் என்றால் 787, கிட்டத்தட்ட 12 சதவீதம் அதிகம். 4.1 ரேஷியோ வண்டி, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற கியர்பாக்ஸிலிருந்து வருகிற ஷாஃப்ட் 4.1 சுற்று சுற்றுகிற வண்டி, 3.66 போல ஓடும். எண் குறைந்தால் இழுவையும் குறையும். ஏற்கெனவே திணறுகிற வண்டிக்கு இதுதான் வைத்தியமாம்!

இறக்கம் அதைவிட மோசம். லோடுக்குத் தக்கபடி பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கிற வால்வு ஒன்று என் வண்டியில் உண்டு. சேஸுக்கும் ஆக்ஸிலுக்கும் உள்ள இடைவெளியை வைத்துத்தான் அதற்கு லோடு தெரியும். கட்டை வைத்து இடைவெளி கூடியதும், வண்டி காலி என்று கணக்குப் போட்டுப் பின் பிரேக்கைக் குறைத்துவிட்டது. அதன் கம்பியைச் சரிசெய்ய வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. காப்பி மூட்டையோடு அடிவாரத்துக்கு இறங்கும்போது முன் பிரேக்கே எல்லாப் பாரத்தையும் வாங்கி, வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு போனது.

போய்ச் சண்டை போட்டேன். "கிரௌன் பினியன் மாத்தணும் சார், 4.56 போட்டா சரியாயிடும்" என்றார். டிஃபரன்ஷியலுக்குள் அந்த ரேஷியோவைத் தீர்மானிக்கிற பல்சக்கர ஜோடிதான் கிரௌன் பினியன். யோசனை சரிதான், முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது. 38,000 ரூபாய் பில், அதில் "கிரௌன் பினியன் வேலை" என்று ஒற்றை வரி.

ஓட்டினால் ஒரு மாற்றமும் இல்லை. மீட்டர் 40 காட்டும்போது செல்போன் ஜிபிஎஸ் 45 காட்டியது, டயர் மாற்றிய நாளிலிருந்து காட்டிய அதே வித்தியாசம். ரேஷியோ நிஜமாகவே மாறியிருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகியிருக்கும்.

சங்ககிரியில் லாரி வேலை பார்க்கிற மாமாவிடம் வண்டியைக் கொண்டுபோனேன். பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வருகிற ப்ரொப்பல்லர் ஷாஃப்டிலும் டயரிலும் சாக்பீஸால் கோடு போட்டார். இரண்டு பின் சக்கரத்தையும் சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்றினோம். ஷாஃப்ட் நாலு சுற்று முடித்து, கோடு துளி தாண்டி நின்றது. 4.56 என்றால் நாலரையைத் தாண்டியிருக்க வேண்டும்.

"மாப்ள, உள்ள இருக்கறது உன் பழைய சாமான்தான். ட்ரெயின் போல்ட்டுல சேறு காஞ்சு அப்படியே இருக்குது பாரு, ஆயிலைக்கூட எறக்கல."

பட்டறையில் பழைய பினியனைக் கேட்டதற்கு, ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம்.

அப்புறம் அவர்கள் வாயே திறக்காத விஷயம் ஒன்று: கம்பெனி கொடுத்த அளவை மீறி வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இடம் தருவதில்லை. 2019 திருத்தப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம், அதுவும் வண்டிக்காரர் மேல். கட்டையைக் கழற்றிப் பழைய டயரையே மாட்டிவிட்டேன். புகார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறது, 5 லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது.

கியர் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் ஆர்டிஓவில் கேட்டுக்கொள்ளுங்கள். பல் கணக்கை, 4.56 என்றால் கிரௌனில் 41, பினியனில் 9 என்று, பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய செட்டு கைக்கு வந்து, சாக்பீஸ் கோடும் போட்டுப் பார்த்த பிறகு மிச்சப் பணத்தைக் கொடுங்கள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் முன்னாலும் பின்னாலும் ஒரே ரேஷியோ போட வேண்டும், பில்லில் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.