இளநீரா, ஓஆர்எஸ்ஸா, இஞ்சியா, மாத்திரையா: சிறுத்த வயிற்றில் எது தங்கும்?

எடைக்குறைப்பு அறுவை முடிந்து வீடு திரும்பிய மறுநாள், அம்மா எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீரை நீட்டி, "மடக்குன்னு குடிச்சிரும்மா, தெம்பா இருக்கும்" என்றார். இரண்டு மடக்குதான் குடித்தேன். நெஞ்சுக்குள் கல் சிக்கியதுபோல ஒரு வலி, வாயெல்லாம் எச்சில், அப்புறம் குடித்த அத்தனையும் வெளியே. எனக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் மிச்சம் வைப்பார்கள். இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு மிஞ்சுவது முட்டை அளவு பை. டம்ளரெல்லாம் அதற்குச் சரிப்பட்டு வராது.

குமட்டினால் குடிக்க முடியாது, குடிக்காவிட்டால் குமட்டல் கூடும். சிங்கப்பூர் வெக்கையில் அந்தச் சுழலுக்குள் விழ ஒரு பகல் போதும். தினமும் 1.5 லிட்டராவது உள்ளே போக வேண்டும் என்றார் தாதி. கால் மணிக்கு ஒருமுறை 30 மில்லி மருந்துக் கப் ஒன்று என்றால் மணிக்கு 120 மில்லி. விழித்திருக்கும் 14 மணி நேரத்துக்கு 1,680. கணக்கு நன்றாகத்தான் வருகிறது, நாக்குதான் கேட்கவில்லை. அதனால் எதில் சத்து அதிகம் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எது உள்ளே தங்குகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் பச்சைத் தண்ணீர். சும்மா கிடைக்கிறது, சர்க்கரை இல்லை. ஆனால் அறுவைக்குப் பின் பலருக்கு அது உலோகம்போலக் கசக்கும், கனமாக இறங்கும். எனக்கும் அப்படித்தான். வெதுவெதுப்பாகக் குடித்தபோது கொஞ்சம் தேவலை. சிலருக்கு இதுவே நேர்மாறு, சில்லென்று இருந்தால்தான் இறங்கும்.

வீட்டில் பெரிய வாக்குவாதம் இளநீரா, ஓஆர்எஸ் என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசலா என்பதில்தான். அம்மா இளநீர்க் கட்சி. தேக்கா சந்தைக்குப் போனால் காய் காயாகத் தூக்கி வருவார். இளநீர் சுவையாக இருக்கிறது, குமட்டும் வாய்க்குப் பிடிக்கிறது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வாந்தியில் உப்பை இழந்தவருக்கு முதலில் வேண்டியது சோடியம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை ஏற்றும் சில ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இளநீரைத் தொடக்கூடாது.

ஓஆர்எஸ் வேலை செய்யும் விதம் வேறு. குடல் சுவரில் சோடியமும் குளுக்கோசும் கைகோத்து உள்ளே போகும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துச் செல்கின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். பைபாஸ் செய்தவர்கள் சர்க்கரைப் பானம் குடித்தால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று ஒரு பாடு படுவார்கள். அதற்கு டம்பிங் என்று பெயர். இவ்வளவு குறைந்த சர்க்கரையில் அந்தப் பயம் குறைவு. ஒரே குறை சுவை, கண்ணீரைக் குடிப்பதுபோல இருக்கும். நான் கண்ட வழி, பாக்கெட்டில் குறித்திருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைப்பது. ஒரு கட்டியை வாயில் போட்டால் கரையப் பத்து நிமிடம் ஆகும், அவசரப்பட்டு விழுங்க வழியே இல்லை. என் ஓட்டு ஓஆர்எஸ்ஸுக்குத்தான். வாந்தி நின்ற நாட்களில் மட்டும் அம்மாவுக்காக இரண்டு வாய் இளநீர்.

உடம்புக்கு என்ன வந்தாலும் 100 பிளஸ் பானம் வாங்கி வருவது சிங்கப்பூர் வழக்கம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் கொண்டுவந்தார்கள். ஒரிஜினலில் வாயு உண்டு, புதுத் தையல் போட்ட வயிற்றுக்கு அது ஆகாது. வாயு இல்லாத வகையிலும் சர்க்கரை அளவைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ரசம்? வடிகட்டி, புளியும் மிளகாயும் பெயருக்குப் போட்டு வைத்தால் நல்லதுதான். அந்த உப்புச் சூடு தொண்டையில் இறங்கும்போது மனுஷியானதுபோல இருக்கும். ஆனால் தாளிக்கும்போது நான் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். பக்கத்து வீட்டு சம்பல் பெலாச்சான் (இறால் விழுது சேர்த்த மிளகாய்ச் சட்னி) வாசனைக்கு எந்தக் கதவும் உதவவில்லை.

அடுத்த போட்டி இஞ்சிக்கும் மாத்திரைக்கும். தே ஹாலியா, அதாவது கடை இஞ்சித் தேநீர், குடிக்கலாமே என்று தோன்றும். அதில் தேயிலை, கெட்டிப்பால், சர்க்கரை எல்லாம் சேர்ந்துவிடுகிறது, முதல் வாரங்களுக்கு ஏற்றதல்ல. இரண்டு துண்டு இஞ்சியைக் கொதிக்கவைத்து வடிகட்டி ஆறவைத்த தண்ணீர் போதும். லேசான குமட்டலுக்கு அது கேட்கும். உமட்டிக்கொண்டு வரும் நேரத்தில் இஞ்சியை நம்பி உட்கார்ந்திருப்பது வீண் பிடிவாதம். எனக்கு எழுதிக்கொடுத்தது ஒண்டான்செட்ரான் என்ற குமட்டல் மாத்திரை. நாக்கில் வைத்தாலே கரையும் வகை என்பதால் விழுங்கத் தண்ணீர்கூட வேண்டாம். விலையாகத் தலைவலியும் மலச்சிக்கலும் வரலாம், எனக்கு இரண்டாவது வந்தது. மெட்டோகுளோப்ரமைட் இரைப்பையை நகரவைக்கும் மருந்து. சிலருக்குத் தூக்கம், சிலருக்கு இருப்புக்கொள்ளாத தவிப்பு, அதனால் சில நாட்களுக்கு மேல் தரமாட்டார்கள். எதுவானாலும் அறுவை செய்த குழுவைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். குமட்டல் வந்தபின் விழுங்கித் தவிப்பதைவிட, காலையில் முதல் கப் தண்ணீருக்கு அரைமணி முன்னால் மாத்திரையை நாக்கில் வைத்துக்கொண்டது எனக்குப் பலன் தந்தது.

இவை எல்லாம் தோற்றால் டிரிப். சிறுநீர் தேநீர் நிறத்துக்கு மாறி அளவும் சுருங்கினாலோ, எழுந்து நின்றால் கண் இருட்டினாலோ, ஒரு நாள் முழுக்க எதுவும் தங்காவிட்டாலோ வீட்டு வைத்தியம் முடிந்தது என்று அர்த்தம். காய்ச்சல், கடும் வயிற்றுவலி, ஓயாத படபடப்பு என்றால் ஒரு நாள் என்ற கணக்கும் கிடையாது, நேரே அவசர சிகிச்சைப் பிரிவு, முடியாவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 995.

அங்கே போனதும் எடைக்குறைப்பு அறுவை ஆனது எப்போது, எத்தனை நாளாக வாந்தி என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். உடம்பில் தயமின் எனப்படும் பி1 வைட்டமின் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். அது வற்றியவருக்குத் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். நான் இதை ஒரு தாளில் எழுதி அடையாள அட்டையோடு வைத்திருந்தேன். அம்மாவும் அந்தத் தாளைத் தன் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார், டம்ளரை அலமாரியில் ஏற்றிய அதே நாளில்.