இரண்டு மணி நேரம் வெள்ளை விளக்கின் கீழ்

எனக்குப் பிறவியிலேயே அல்பினிசம். தலைமயிர், இமை, தோல் எல்லாம் வெள்ளை. வயது 54. சின்ன வயதில் மட்டக்களப்பில் தொப்பி இல்லாமல் வெயிலில் ஓடித் திரிந்தது நாற்பது தாண்டியதும் முகத்தில் தெரியத் தொடங்கியது. நெற்றியிலும் மூக்கிலும் காதோரத்திலும் சின்னச் சின்னச் செதில்கள். கண்ணாடியில் பெரிதாகத் தெரியாது. விரலால் தடவினால் சீனி ஒட்டிக் காய்ந்ததுபோல் சொரசொரக்கும். முகம் துடைக்கிற துவாய் அதில் கொழுவி இழுக்கும். டொக்டர்மார் இதை அக்டினிக் கெரட்டோசிஸ் என்கிறார்கள். எல்லாமே புற்றுநோயாக மாறுவதில்லை. சில மாறும், எது மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வெயிலிலிருந்து தோலைக் காக்கும் நிறப்பொருளான மெலனின் இல்லாத எங்களுக்கு இது சும்மா விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை.

இதற்கு நான் கொழும்பிலேயே இரண்டு இடங்களில், இரண்டு விதமான விளக்கின் கீழ், மருந்து பூசி அதன்மேல் வெளிச்சம் போடுகிற ஒளியியக்கச் சிகிச்சை எடுத்திருக்கிறேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

விளக்கு தனியாக ஒன்றும் செய்யாது. முதலில் செதிலை மெல்லச் சுரண்டிவிட்டு, அமினோலெவுலினிக் அமிலம் சேர்ந்த ஜெல்லைப் பூசுவார்கள். 2 கிராம் குழாய்தான். செலவில் பெரும் பங்கு அதற்கே போகிறது. கெட்டுப்போன கலங்கள் அந்த மருந்தை உள்ளே எடுத்து, வெளிச்சத்துக்குக் கூசும் ஒரு பொருளாக மாற்றிக்கொள்ளும். அதன்மேல் தகுந்த வெளிச்சம் பட்டால், ஒட்சிசனின் துணையோடு அந்தக் கலம் செத்துவிடும். அந்தப் பொருள் மிக அதிகமாக உறிஞ்சுவது 410 நனோமீற்றர் அலைநீளத்துப் பக்கத்து நீல வெளிச்சத்தை. 630 பக்கத்துச் சிவப்பைக் குறைவாகத்தான் உறிஞ்சும், ஆனால் சிவப்பு தோலுக்குள் ஆழமாகப் போகும். அமெரிக்காவில் 1999 இல் அனுமதி கிடைத்தது நீல விளக்கு முறைக்கு. அதில் 16 நிமிடம் 40 செக்கன் உட்கார வேண்டும். நான் முதலில் போன இடத்தில் இருந்தது சிவப்பு எல்ஈடி பலகை.

அங்கே ஜெல்லைப் பூசி, மேலே ஒட்டி மூடி, மூன்று மணி நேரம் காத்திருக்க வைத்தார்கள். பிறகு முகத்துக்கு மிகக் கிட்டப் பலகையைக் கொண்டுவந்து போட்டார்கள். பத்து நிமிடத்துக்கும் குறைவு. அந்தப் பத்து நிமிடத்தை என்னால் மறக்க முடியாது. நெற்றியில் கொதிக்கிற எண்ணெய் தெறித்து, தெறித்த இடத்திலேயே நின்று பொரிவது போன்ற எரிச்சல். "பொறுத்துக்கொள்ளுங்க அன்ரி, இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று சொன்ன பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் காற்றாடி இல்லை, குளிர்ந்த தண்ணீர் தெளிக்கவில்லை, விளக்கை இடையில் நிறுத்தி மறுபடி போடலாம் என்ற விஷயத்தையும் யாரும் சொல்லவில்லை. வலிக்கும் என்பதையே எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்த இடத்தின் மேல் எனக்குள்ள குறை அதுதான். பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். செதில் விழுந்தது. ஆனால் அடுத்த தவணைக்குப் போக மனம் வராமல் இரண்டு வருடத்தைக் கழித்துவிட்டேன், செதில்கள் திரும்பி வந்தன.

இப்போது போவது பம்பலப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் உள்ள ஒரு தோல் கிளினிக். இங்கே வெள்ளை எல்ஈடி. அறுவைச் சிகிச்சை அறையில் தொங்குமே, அந்த மாதிரிக் கை வைத்த விளக்கு. ஜெல் பூசி அரை மணி நேரத்தில் விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். மூன்று மணி நேரம் இருட்டில் மருந்தைச் சேரவிட்டு ஒரேயடியாக எரிக்காமல், கலத்தில் அந்தப் பொருள் உருவாக உருவாக வெளிச்சம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறது. அதனால்தான் வலி இல்லை. அதற்கு விலை இரண்டு மணி நேரம். எனக்கு அந்த விலை சந்தோஷம்.

இந்த முறையை டென்மார்க்கில் வெயிலிலேயே செய்து பார்த்தார்கள்: சன்ஸ்கிறீம் போட்டு, இதே மாதிரி ஒரு மருந்தைப் பூசி, இரண்டு மணி நேரமளவு வெளியே இருப்பது. கொழும்பில் எனக்கு அது சரிவராது. வெயிலின் கடுமையைச் சொல்லும் புற ஊதாச் சுட்டெண் நடுப்பகலில் 11ஐத் தாண்டுகிற ஊர் இது. வேர்வையில் ஜெல் வழியும், ஒக்டோபர், நவம்பர் என்றால் பின்னேரம் இடியோடு மழை கொட்டும். எல்லாவற்றையும்விட, என்னைக் கெடுத்த வெயிலிலேயே போய் உட்காரச் சொன்னால் எப்படி? இந்த விளக்கில் புற ஊதாக் கதிர் இல்லை, சன்ஸ்கிறீமே தேவைப்படவில்லை.

முதல் நாள் தாதி மிஸ் வெளிச்சத்தை அளக்கும் ஒரு சின்னக் கருவியை என் நெற்றிக்கு நேரே பிடித்து, "இருபதாயிரம் லக்ஸ் இருக்கு அம்மா, காணும்" என்றார். வீட்டு ரியூப் லைட்டின் கீழ் சில நூறு லக்ஸ்தான் வரும் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். பாதுகாப்புக் கண்ணாடி போட்டும் என் கண்களுக்கு அந்த வெளிச்சம் அதிகம்தான்; அல்பினிசத்தால் எனக்குக் கண் ஆடும், கூசும். கேட்டதும் கண்ணாடிக்கு மேல் ஈரப் பஞ்சும் கறுப்புத் துணியும் வைத்தார்கள். எறும்பு ஊர்வது மாதிரி ஒரு குறுகுறுப்பு மட்டும். வானொலியில் பாட்டுப் போனது, ஒரு நேரம் நான் நித்திரையாகிவிட்டேன். நடுவில் கரண்ட் போய் ஜெனரேற்றர் வர ஐந்தாறு நிமிடம் ஆனது. அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் கடைசியில் கூட்டிக் கொடுத்தார்கள். எனக்குப் பிடித்தது அந்தக் கவனம்.

குறையும் இருக்கிறது. விளக்கு மேலிருந்து விழுவதால் நெற்றிக்கும் மூக்குக்கும் நிறைய வெளிச்சம், காதின் பின்னோரத்துக்கும் தாடையின் கீழும் குறைவு. தலையை அரை மணிக்கு ஒரு தரம் திருப்பச் சொல்லலாம், சொல்லவில்லை. ஏசி குளிர் அதிகம், சால்வை கொண்டுபோங்கள். தடித்த செதிலுக்கு இந்த முறை போதாது. என் காதில் இருந்த ஒன்றை டொக்டர் திரவ நைதரசனால் உறையவைத்துத்தான் எடுத்தார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் திரைச்சீலையை இழுத்துவிட்டு உள்ளேயே இருந்தேன். சாதாரண சன்ஸ்கிறீம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைத் தடுக்காது, அதனால் ஜன்னலோரமும் கூடாது. முகம் சிவந்து, நாலாம் நாள் தோல் உரிந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஒன்பதில் ஏழு போய்விட்டன.

அழகு நிலையங்களில் போடுகிற சிவப்பு எல்ஈடி முகமூடியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மருந்து பூசாமல் வெறும் வெளிச்சம் செதிலைக் கரைக்காது. செதில் தடித்தால், நொந்தால், இரத்தம் வந்தால் எந்த விளக்குக்கும் முன் தோல் டொக்டரிடம் காட்டி, தேவையென்றால் ஒரு துண்டு எடுத்துச் சோதித்துவிடுங்கள். அல்பினிசம் உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் தொப்பியும் நீளக் கையும் பள்ளிக்கூடம் போகும் முதல் நாளிலேயே தொடங்கட்டும்.

மிச்சம் இரண்டும் இடது காதின் பின்னால் இருக்கின்றன. அடுத்த மாதம் போகும்போது மிஸ்ஸிடம் அந்தச் சின்னக் கருவியை அங்கே பிடித்துப் பார்க்கச் சொல்லப் போகிறேன்.