நார்வே டேங்கர் கிட் (1:400): தாராளமாக வாங்கலாம், போர்க்காலக் கோலத்தில் கட்டுங்கள்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1930-களில் கட்டப்பட்ட நார்வே மோட்டார் டேங்கர், அதாவது எண்ணெய்க் கப்பல் ஒன்றின் 1:400 (நிஜக் கப்பலில் நானூறில் ஒரு பங்கு) மாடல் கிட் இது. ஐரோப்பாவில் ஒரு சின்ன நிறுவனம் த்ரீ-டி பிரிண்டில் செய்து விற்கிறது. கொடுத்த காசுக்கு மோசமில்லை, கப்பல் கப்பலாகவே வந்திருக்கிறது, ஆனால் பெட்டிக்குள் வைத்திருக்கிற குறிப்புத்தாள் மகா மோசம். ஒரே ஒரு பக்கம். நீளம், அகலம், என்ஜின், வேகம், அவ்வளவுதான். அந்தக் கப்பலில் யார் போனார்கள், எந்தக் கடலில் போனார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்று பேருக்கு ஒரு வரி கிடையாது. நார்வே டேங்கர் என்று பெட்டியில் போட்டுவிட்டு இதைச் சொல்லாமல் விட எப்படி மனசு வந்ததோ. அதனால் கிட்டைப் பற்றி எழுதும்போதே அந்தத் தாளில் வந்திருக்க வேண்டியதையும் சேர்த்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

விலை, கஸ்டம்ஸ், கூரியர் எல்லாம் சேர்த்துப் பதினோராயிரம் பக்கம் வந்துவிட்டது. குன்னூருக்கு மேலே ஏற்றி வர மாட்டோம், மேட்டுப்பாளையத்தில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று கூரியரில் கையை விரித்துவிட்டார்கள். மலையில் இருக்கிறவர்கள் ஆர்டர் போடும் முன்பே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. பேக்கிங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பாகம்கூட உடையாமல் வந்தது.

கப்பலின் உடல் முப்பத்தேழு சென்டிமீட்டர், ஒரே துண்டு. பிரிண்ட் கோடுகள் பக்கவாட்டில் லேசாகத் தெரியும், 400 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும். டெக்கில் எண்ணெய்த் தொட்டிகளின் மூடிகள் வரிசை வரிசையாக வருகின்றன, அதை ரொம்பப் பொறுப்பாகச் செய்திருக்கிறார்கள். இந்த மூடிகள் சும்மா அழகுக்கு இல்லை. டேங்கரின் வயிறு முழுக்கத் தனித்தனித் தொட்டிகளாகப் பிரிந்திருக்கும், ஒரு டார்பிடோ (நீர்மூழ்கிக் கப்பல் விடுகிற குண்டு) பட்டு ஒரு தொட்டி கிழிந்தாலும் மற்றவை கப்பலைத் தாங்கும். அடிபட்டும் துறைமுகம் வந்து சேர்ந்த டேங்கர்கள் இருந்தது இதனால்தான். ஆனால் உள்ளே இருப்பது விமானப் பெட்ரோல் என்றால் மூழ்குவதைப் பற்றி யோசிக்கவே நேரம் இருக்காது, கடலே சேர்ந்து எரியும்.

கிட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது பித்தளைத் தகட்டில் வருகிற நடைபாலம். நடுவில் இருக்கிற பிரிட்ஜிலிருந்து (கப்பலை ஓட்டுகிற இடம்) பின்பக்க என்ஜின் பகுதி வரைக்கும் டெக்குக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில் ஓடும். மூன்று மில்லிமீட்டர் அகலம், இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி, கால்கள் ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. கைப்பிடியை மடிக்கும்போது ஸ்டீல் ஸ்கேலை வைத்து அழுத்தி ஒரே மூச்சில் மடித்துவிட வேண்டும், பாதியில் நிறுத்தினால் வளைந்துவிடும். இந்தப் பாலம் எதற்கு என்று குறிப்புத்தாளில் இல்லை. எண்ணெய் நிரம்பிய டேங்கர் தண்ணீரில் அவ்வளவு தாழ்வாக மிதக்கும், வட அட்லாண்டிக் அலை டெக்கின் மேலேயே உருண்டு போகும், பின்னாலிருந்து முன்னால் வர ஒரு மனிதனுக்கு இருக்கிற வழி இது ஒன்றுதான். அதிகாரிகள் நடுவில், என்ஜின்காரர்கள் பின்னால். நடுவில் தீப்பிடித்தால் கப்பல் இரண்டு தீவாகிவிடும், அந்தப் பக்கம் இருக்கிறவனை இந்தப் பக்கம் இருக்கிறவன் பார்க்க மட்டும்தான் முடியும். அதை யோசித்துக்கொண்டே ஒட்டினேன், கை தானாகவே நிதானமாகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிட்டை இரண்டு விதமாகக் கட்டலாம். ஒன்று 1939-ன் சமாதானக் கோலம்: வெள்ளை மேல்கட்டு, பக்கவாட்டில் பெரிய நார்வே கொடி, கொட்டை எழுத்தில் நாட்டின் பெயர். பெட்டியின் மேல் இருக்கிற படமும் அதுதான், பார்க்கப் பளிச்சென்று இருக்கும். இன்னொன்று இரண்டாம் உலகப் போர்க்காலக் கோலம்: அடியிலிருந்து புகைபோக்கி வரை ஒரே சாம்பல், பின்பக்கம் ஒரு பீரங்கி, பிரிட்ஜ் ஓரத்தில் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள், பாய்மரக் கயிறுகளின் மேல் சாய்த்து வைத்த ராஃப்ட்டுகள் (உயிர்காப்புத் தெப்பங்கள்). பெரும்பாலானவர்கள் முதலாவதைத்தான் கட்டுவார்கள் என்று நினைக்கிறேன். தயவுசெய்து இரண்டாவதைக் கட்டுங்கள்.

அந்தக் கொடி எதற்கு வரைந்தார்கள் என்றால், நாங்கள் நடுநிலை நாடு, எங்களைச் சுடாதே என்று ஜெர்மன் நீர்மூழ்கிக்குச் சொல்வதற்கு. அதற்குப் பலன் இருக்கவில்லை. நார்வே போரில் இறங்கும் முன்பே அந்தக் கொடியோடு போன கப்பல்கள் டஜன் கணக்கில் மூழ்கின. 1940 ஏப்ரல் 9-ம் தேதி ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்தது. உலகத்திலேயே நான்காவது பெரிய வணிகக் கப்பல் படை அன்றைக்கு நார்வேயுடையது, அதிலும் டேங்கர்கள் பெரும்பாலும் புதியவை, டீசல் என்ஜினில் ஓடுபவை. ஆயிரத்துக்கு மேற்பட்ட கப்பல்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. ஊருக்குத் திரும்புங்கள், இல்லையென்றால் நடுநிலைத் துறைமுகத்துக்குள் போய்விடுங்கள் என்று ஜெர்மானியர் பக்கமிருந்து ரேடியோவில் உத்தரவு வந்தது. வெளிக்கடலில் இருந்த கப்பல்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீடு, மனைவி, பிள்ளைகள் எல்லாம் எதிரியின் பிடியில் இருக்கிற நேரத்தில் எடுத்த முடிவு அது. நார்வே அரசு அந்தக் கப்பல்களை எல்லாம் தன் பொறுப்பில் எடுத்து நார்ட்ராஷிப் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்தது, லண்டனிலும் நியூயார்க்கிலும் அதற்கு அலுவலகம். உலகத்தின் மிகப் பெரிய கப்பல் கம்பெனி அப்போது அதுதான். மன்னர் ஏழாம் ஹாக்கோன் ஜூன் மாதம் லண்டனுக்குப் போன பிறகு, அந்த அரசுக்கு வருமானம் என்று இருந்ததில் பெரும் பகுதி இந்தக் கப்பல்கள் சம்பாதித்துக் கொடுத்ததுதான்.

1941, 1942 வாக்கில் பிரிட்டனுக்கு வந்த எண்ணெயில் சுமார் 40 சதவீதத்தை நார்வே டேங்கர்கள் கொண்டுவந்ததாகக் கணக்குச் சொல்வார்கள். பிரிட்டிஷ் போர் விமானம் என்று பெருமையாக மாடல் கட்டுகிற நம் ஆட்கள் யாராவது அதன் தொட்டியில் இருந்த பெட்ரோல் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறோமா?

கான்வாயில், அதாவது போர்க்கப்பல் காவலோடு கூட்டமாகப் போகிற வணிகக் கப்பல் அணியில், டேங்கருக்கு நடு வரிசையில் இடம் கொடுப்பார்கள், ஓரத்தில் தானியமும் மரமும் ஏற்றிய கப்பல்கள். வரிசைக்கும் வரிசைக்கும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், முன்னால் போகிற கப்பலுக்கும் பின்னால் வருகிற கப்பலுக்கும் அதில் பாதி. வேகமான கான்வாய் ஒன்பது பத்து நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்), மெதுவானது ஏழு எட்டு. இரவில் விளக்கு கிடையாது, புகை விடக்கூடாது, குப்பையைக் கடலில் கொட்டக்கூடாது. மூடுபனி இறங்கினால் ஒவ்வொரு கப்பலும் பின்னால் கயிற்றில் ஒரு மிதவையைக் கட்டி இழுத்துக்கொண்டு போகும், அது தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும், பின்னால் வருகிறவர் அந்த நுரையை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டுவார். பர்லியாறிலிருந்து காட்டேரி வரைக்கும் பனியில் முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறோமே, அதே வேலை, என்ன ஒன்று, இங்கே பிரேக் இருக்கிறது. இந்த மிதவை கிட்டில் இல்லை. செம்புக் கம்பியில் நானே ஒன்று செய்து பின்னால் வைத்தேன், சின்ன வேலைதான், செய்துவிடுங்கள்.

உயிர்காப்புப் படகுகளில் கிட் தப்பு செய்திருக்கிறது. போர்க்காலக் கோலத்திலும் படகுகளை, அவற்றைத் தொங்கவிடுகிற டேவிட் கம்பங்களோடு உள்ளே மடக்கி வைக்கச் சொல்கிறது. கோத்தகிரியில் எங்களுக்குப் பழக்கமான ஒரு அண்ணாச்சி, தூத்துக்குடிக்காரர், வணிகக் கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், படத்தைப் பார்த்த உடனே பிடித்துவிட்டார்.

"படகை உள்ள வச்சு ஒட்டிராதீங்க தம்பி. டேவிட்டை வெளிய திருப்பி, படகு கடலுக்கு மேல தொங்குற மாதிரி வைங்க. அடி விழுந்த பொறவு அதை வெளிய தள்ள எங்க நேரம் இருக்கு?"

அவர் சொன்னது சரி, அந்தக் காலத்துப் புகைப்படங்களிலும் கான்வாய்க் கப்பல்களின் படகுகள் வெளியே திருப்பித்தான் இருக்கும். டேவிட்டின் அடியில் இருக்கிற முளையை வெட்டிவிட்டுத் திருப்பி ஒட்டினால் போதும். எல்லாம் நல்லபடியாக நடந்தால் படகு எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு எலின் கே என்ற நார்வே சரக்குக் கப்பல் இருக்கிறது. 1943 மார்ச்சில் எச்எக்ஸ் 229 கான்வாயில் முதலில் அடிபட்டது அதுதான், கோதுமையோடு கப்பல் போய்விட்டது, ஆட்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். அந்தக் கான்வாயும் பக்கத்தில் போன எஸ்சி 122-ம் சேர்ந்து 22 கப்பல்களை இழந்தன, எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை.

இன்னொரு கப்பலையும் சொல்ல வேண்டும். மோஸ்டேல் என்று ஒரு சின்ன நார்வே கப்பல், பழம் ஏற்றுவதற்காகக் கட்டியது. போர் முழுக்க அட்லாண்டிக்கை 98 தடவை கடந்தது. அதன் ரேடியோ ஆபரேட்டர் ஃபெர்ன் பிளாட்ஜெட் என்ற கனடாக்காரப் பெண், 1941-ல் ஏறினார், அந்த 98-ல் 78 பயணம் அவர் செய்தது. கப்பலின் கேப்டனையே கல்யாணம் செய்துகொண்டார். நார்வே மன்னரின் போர்ப் பதக்கம் பெற்ற முதல் பெண் அவர். மோஸ்டேலை யாராவது கிட்டாகப் போட்டால் விலை பார்க்காமல் வாங்குவேன்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். நார்வே மாலுமிகளின் போர்க்கால ஊதியம் பிரிட்டிஷ் மாலுமிகளைவிட அதிகமாக இருந்தது, பிரிட்டிஷ்காரர்கள் சங்கடப்படுவார்கள் என்று அதைக் குறைத்துவிட்டு, மிச்சத்தை ஒரு ரகசிய நிதியில் போட்டார்கள். போர் முடிந்தால் கைக்கு வரும் என்று மாலுமிகள் நம்பினார்கள். வரவில்லை. வழக்குப் போட்டார்கள், 1954-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். கடைசியில் 1972-ல்தான் நாடாளுமன்றம் பார்த்து, கடலில் இருந்த மாதத்துக்கு 180 குரோனர் என்று கொடுத்தது, அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அரசு மன்னிப்புக் கேட்டது 2013-ல். நார்ட்ராஷிப் கப்பல்களில் 500-க்கு நெருக்கமாக மூழ்கியது, 3,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உயிரோடு வந்தவர்களும் ஐந்து வருஷம் ஊர் முகம் பார்க்காமல் இருந்தவர்கள். அவர்களுக்கா இப்படி இழுத்தடிப்பது? ஒரு பக்கக் குறிப்புத்தாளில் இதற்கு நான்கு வரி இடம் இல்லாமலா போய்விட்டது?

இப்போது பெயிண்ட். குன்னூரில் இருக்கிறவர்களுக்கு இது முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்ப்ரே பிரைமர் அடித்தால் காயும்போது மேலே வெள்ளை பூத்துவிடும், காற்றில் இருக்கிற ஈரம்தான் காரணம். சூப்பர் குளூவும் அப்படித்தான், ஒட்டின இடத்தைச் சுற்றிப் பனி படிந்த மாதிரி ஆகிவிடும். நான் ஒரு அட்டைப்பெட்டிக்குள் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டுச் சூடாக்கி, பல்பை அணைத்து எடுத்துவிட்டு, பெயிண்ட் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்த பிறகு பாகங்களை உள்ளே வைத்துக் காய வைத்தேன், நன்றாக வந்தது. கணப்புப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள், தின்னர் ஆவி பிடித்துக்கொள்ளும். மாடல் பெயிண்ட் இங்கே சுலபமாகக் கிடைக்காது, பெட்போர்டு பக்கம் கார் பெயிண்ட் கடையில் சாம்பல் பிரைமர் கிடைக்கும், அதில் துளி நீலம் கலந்தால் போதும். முழுப் பளபளப்பு வேண்டாம். வட அட்லாண்டிக்கில் இரண்டு பயணம் போன கப்பல் புதுசாக இருக்காது, சங்கிலி இறங்குகிற துளைக்குக் கீழே துருக் கோடு இழுத்துவிடுங்கள்.

மற்றக் குறைகள்: பின்பக்கப் பீரங்கி மொத்தையாக இருக்கிறது, குழாயை மாற்றினால்தான் பார்க்க முடியும். ராஃப்ட்டுகள் நான்குக்கு மூன்றுதான் வந்தன, எழுதிக் கேட்டதும் ஒன்று அனுப்பினார்கள், அதை மறுக்கவில்லை. மனித உருவங்கள் கிடையாது. இந்த அளவில் ஆள் நான்கு மில்லிமீட்டர் வருவான், தனியாகக் கிடைக்கிறது, வாங்கி நடைபாலத்தில் ஒருவரையாவது வையுங்கள்.

பிளாஸ்டிக் கிட் ஒன்றிரண்டு கட்டியவர்கள் தைரியமாக எடுக்கலாம், முதல் கிட்டாக வேண்டாம், அந்தப் பித்தளை வெறுப்பேற்றிவிடும். பாகங்களுக்கு ஐந்துக்கு நான்கரை, குறிப்புத்தாளுக்கு ஒன்று. நான் எழுதியதைச் சுருக்கி ஆங்கிலத்தில் அவர்களுக்கே அனுப்பியிருக்கிறேன், அடுத்த பதிப்பில் சேர்க்கப் பார்ப்பதாகப் பதில் வந்தது.

அடுத்து இதன் பக்கத்தில் வைக்க ஒரு ஃபிளவர் ரகக் கொர்வெட் (கான்வாய்க்குக் காவல் போகிற சின்னப் போர்க்கப்பல்) வேண்டும், நார்வேக்காரர்களே ஓட்டிய மான்ட்பிரெஷியா. 1942 நவம்பரில் ஓஎன்எஸ் 144 கான்வாய்க்குக் காவல் போய் டார்பிடோவில் மூழ்கியது அது. 1:400-ல் கொர்வெட் கிட் யாரிடமாவது இருந்தால், பாதி கட்டியதாக இருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள். கோயம்புத்தூர் வரை வந்து வாங்கிக்கொள்கிறேன்.