ஹைபீரியன் மரத்துக்கு டிக்கெட் என்று யாராவது பணம் கேட்டால்

"உலகின் மிக உயரமான மரத்தைத் தொட்டுப் பார்க்கலாம். தமிழ் பேசும் டிரைவர், சைவச் சாப்பாடு, இரண்டு நாள், ஆளுக்கு 390 டாலர்." அந்த மரத்தின் பெயர்தான் ஹைபீரியன், கலிபோர்னியாவில் வளரும் ரெட்வுட் வகை. சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவின் தமிழ் வாட்ஸப் குழுக்களில் இந்த மாதிரி விளம்பரம் உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். என் கண்ணில் போன ஜூலையில் பட்டது. பணம் கட்டினேன், ஏமாந்தேன். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கும் மாதங்கள் வருகின்றன, விளம்பரமும் மறுபடி சுற்றுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நடத்துபவரின் பெயரைப் போடப்போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது தன் வழியில் போகட்டும்.

அப்பா திருச்சியில் நில அளவைத் துறையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அமெரிக்கா வந்தால் பார்க்க வேண்டியவை என்று அவர் கேட்டது ஒன்றே ஒன்று, ரெட்வுட் மரம். (செம்மரம் என்று எழுதலாம்தான். ஆனால் நம்மூரில் அந்தச் சொல்லைக் கேட்டால் கடத்தல் லாரிதான் நினைவுக்கு வருகிறது.) நானே ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஃப்ரீமாண்டிலிருந்து ரெட்வுட் தேசியப் பூங்கா இருக்கும் ஓரிக் ஊருக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம், அதில் பாதி மலைப்பாதை. அம்மாவுக்கு வளைவுப் பாதையில் தலை சுற்றும், எனக்கும் வேலை அதிகம். வேன், சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் நம்ம ஆளே பார்த்துக்கொள்கிறார் என்றதும் மனம் லேசாகிவிட்டது. இந்த "நம்ம ஆள்" என்பதுதான் அவருடைய மூலதனமே என்று அப்போது தோன்றவில்லை.

நான்கு பெரியவர்களுக்கு 1,560, பையனுக்கு 250. இதை அனுப்பிய பிறகு இன்னொரு செய்தி வந்தது. பார்க் நுழைவுக் கட்டணமும் ஹைபீரியன் பெர்மிட்டும் சேர்த்து ஆளுக்கு 45 டாலர், பையனுக்கும் உண்டு. ஐந்து பேருக்கு 225. "கவர்மென்ட் ஃபீஸ் ப்ரோ, நம்ம கையில இல்ல." கார்டு வாங்க மாட்டார்களாம், ஸெல் (Zelle, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் வசதி) மட்டும்தான். மொத்தம் 2,035 டாலர் அனுப்பினேன். ரசீது கேட்டதற்குக் கட்டைவிரல் படம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி என்றார்கள், வேன் எட்டு மணிக்கு வந்தது. இன்னும் இரண்டு குடும்பங்கள் ஏறின. சாப்பாட்டைப் பற்றி ஒரே வரி: முதல் நாள் மதியம் கொடுத்த புளிசாதமே ராத்திரிக்கும் வந்தது.

101 நெடுஞ்சாலையில் வடக்கே போனோம். முதல் நிறுத்தம் லெக்கெட்டில். அங்கே அடிமரத்தைக் குடைந்து, கார் உள்ளே புகுந்து வெளியே வருவது மாதிரி ஒரு ரெட்வுட் இருக்கிறது. சாண்டிலியர் மரம் என்று பெயர். "பார்க் இங்கிருந்து ஸ்டார்ட் ஆகுது" என்றார் டிரைவர். அது பூங்காவே இல்லை, தனியார் இடம். அவர்கள் அதை மறைப்பதும் இல்லை, வாசலில் கட்டணம் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டணத்துக்குத் தனியாக எங்களிடம் வசூல் செய்தார். சரி, உள்ளே போகலாம் என்றால் துளையின் அகலம் 6 அடி, உயரம் 6 அடி 9 அங்குலம். எங்கள் வேன் கூரை உயர்ந்த வேன். எப்படியும் நுழையாது என்று பல தடவை வந்து போனவருக்குத் தெரியாதா? நாங்கள் இறங்கி நடந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு சின்னக் கார் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு உரசாமல் போனது. என் பையன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அப்புறம் ஒரு பரிசுக் கடையில் ஐம்பது நிமிடம். ரெட்வுட் மரத்தின் அடியில் முண்டு முண்டாகப் புடைத்திருக்கும் கழலைக் கட்டைகளை அங்கே விற்கிறார்கள், தண்ணீரில் வைத்தால் துளிர்க்கும். அம்மா ஒன்று வாங்கினார், ஸ்ரீரங்கத்து வீட்டு முற்றத்தில் வைக்கலாம் என்று. உயிருள்ள செடிகொடியை அனுமதிப் பத்திரம் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுபோக முடியாது என்பதை டிரைவர் சொல்லவில்லை. கடைக்குள் கூட்டிப்போவதில்தான் அவருக்கு அக்கறை. இதே கழலைகளை ராத்திரியில் பூங்கா மரங்களிலிருந்தே சங்கிலி ரம்பம் வைத்து அறுத்துத் திருடியதால், 2014இல் பூங்காவுக்குள் போகும் ஒரு சாலையையே இரவில் மூடினார்கள் என்று பின்னால் படித்தேன். அந்தக் கடைச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது, குற்றம் சொல்லவும் இல்லை. அம்மாவின் துண்டு இப்போது எங்கள் சமையலறை ஜன்னலில் துளிர் விட்டிருக்கிறது.

இனி சொல்லப்போவதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறாதது. லெக்கெட்டைத் தாண்டி வடக்கே போனால் 101க்குப் பக்கத்திலேயே பழைய சாலை ஒன்று ஓடுகிறது. அவென்யூ ஆஃப் தி ஜயன்ட்ஸ், 31 மைல். இரண்டு பக்கமும் ரெட்வுட், நடுவில் சாலை. ஓட்டிக்கொண்டு போக ஒரு பைசா கட்டணம் கிடையாது. ஃபவுண்டர்ஸ் தோப்பு அந்த வழியில்தான் இருக்கிறது. 1991இல் சாய்ந்த டயர்வில் ஜயன்ட் என்ற மரம், 360 அடிக்கு மேல் நின்றிருந்தது, அங்கே சாய்ந்தபடியே கிடக்கிறது. நெடுஞ்சாலையில் அதற்கான பலகை வந்தது, திரும்பும் வழியும் வந்தது. "லேட் ஆயிடுச்சு அங்கிள், அங்க ஒண்ணும் இல்ல, நாளைக்குப் பாக்கப்போறதுதான் ஒரிஜினல்" என்று டிரைவர் நேராகப் போய்விட்டார். அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, தூரத்தில் தெரிந்த மர உச்சிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். கடையில் போன ஐம்பது நிமிடம் அந்தச் சாலைக்குப் போதுமானது.

ராத்திரி யுரேகாவில். விளம்பரத்தில் "காட்டுக்குள் மரவீடு", நேரில் நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல், ஐந்து பேருக்கு ஒரே அறை. விடுங்கள்.

மறுநாள் காலை நல்ல மூடுபனி. ஓரிக்கைத் தாண்டி ப்ரேரி க்ரீக் பக்கம் போனோம். அங்கே பெரிய புல்வெளி, எல்க் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன, அதன் விளிம்பில் காடு. பனி விலகியதும் டிரைவர் கை நீட்டிக் காட்டினார். "அதோ, அதுதான் ஹைபீரியன். 380 அடி."

பலகை இல்லையே என்று கேட்டேன். "பார்க்ல சீக்ரெட்டா வெச்சிருக்காங்க ப்ரோ, அதான் போர்டு இல்ல." இந்தப் பொய்யின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். ஹைபீரியன் நிற்கும் இடத்தைப் பூங்கா நிர்வாகம் வெளியிடுவதில்லை என்பது உண்மைதான். நானும் எங்கோ படித்திருந்தேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அப்பா மூடவில்லை. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். என்னை அந்த மரத்தடியில் போய் நிற்கச் சொல்லிவிட்டு, புல்வெளி ஓரமாகப் பின்னால் நடந்து போனார். கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, என் உயரம் எவ்வளவு வருகிறதோ அதை நகத்தால் குறித்துக்கொண்டு, அந்த அளவை அடியிலிருந்து உச்சிவரை அடுக்கிக்கொண்டே போனார். டிரைவர் "அங்கிள் போஸ் சூப்பர்" என்று படம் எடுத்தார். அப்பா மூன்று தடவை எண்ணினார். நாற்பது வந்தது. என் உயரம் ஐந்தே முக்கால் அடி.

"இருநூத்தி முப்பது. பத்து அடி கூடக் குறைய இருக்கலாம், நூத்தம்பது அடி தப்பாது. நம்ம ராஜகோபுரம் 236. இது அதைவிடக் குட்டைடா."

டிரைவர் சிரித்தார். கண்ணால் பார்த்து அளந்தால் சரியாக வராது என்றார். அப்பா பதில் பேசாமல் அங்கேயே இருந்த பார்வையாளர் மையத்துக்கு நடந்தார், நான் பின்னால் ஓடினேன். அங்கிருந்த ரேஞ்சர், அதாவது பூங்காக் காவலர், ஒரு பெண்மணி. அது ஹைபீரியனா என்று நான் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் இறுகியது. இந்தக் கேள்வியைப் பல தடவை கேட்டிருப்பார் போல.

அவர் சொன்னது இதுதான். ஹைபீரியனை 2006இல் கண்டுபிடித்தார்கள். அதற்குப் போக நடைபாதை எதுவும் கிடையாது. ஆட்கள் புதருக்குள் வழி உண்டாக்கிக்கொண்டு போய் மரத்தடி மண்ணை மிதித்து இறுக்கி, குப்பையும் மலமும் விட்டுவந்ததால் 2022இல் அந்தப் பகுதியையே மூடிவிட்டார்கள். இந்த மரங்களின் வேர் அவ்வளவு உயரத்துக்கு ஆழமே இல்லாதது, பக்கவாட்டில்தான் பரவும், அதனால் மிதிபட்டால் தாங்காது. மீறிப் போனால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அப்படியானால் ஹைபீரியனுக்கு பெர்மிட் என்று ஒன்று எங்கிருந்து வரும்? தேசியப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை. டால் ட்ரீஸ் தோப்பு என்று இன்னொரு இடம் இருக்கிறது, அதற்குத்தான் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகள்தான், இணையத்தில் முன்பதிவு, வாயிற்கதவின் பூட்டுக்கு எண் அனுப்புவார்கள். அதுவும் இலவசம்.

எங்களிடம் 225 டாலர் வாங்கியது எதற்கு என்று டிரைவரைக் கேட்டேன். தான் வெறும் டிரைவர், ஓனரிடம் பேசுங்கள் என்றார். லேடி பேர்ட் ஜான்சன் தோப்புக்காவது கொண்டுபோங்கள், ஒன்றரை மைல் சுற்று, அப்பாவால் நடக்க முடியும் என்று கெஞ்சினேன். மற்ற இரண்டு குடும்பங்களும் கேட்டார்கள். திரும்பும் நேரம் ஆகிவிட்டது என்று வண்டியைக் கிளப்பிவிட்டார். பதினான்கு மணி நேரப் பயணத்தில் ரெட்வுட் காட்டுக்குள் நாங்கள் நடந்தது, கழிப்பறைக்குப் போய் வந்த தூரத்தையும் சேர்த்து, கால் மைல் இருக்குமா?

ஓனருக்கு எழுதினேன். முதல் நாள் "பார்க்கிறேன் ப்ரோ", மூன்றாம் நாள் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார். வங்கியில் கேட்டால், நீங்களே விரும்பி அனுப்பிய பணம், எங்களால் திருப்ப முடியாது என்றார்கள். கார்டில் கட்டியிருந்தால் சேவை கிடைக்கவில்லை என்று தகராறு எழுப்ப வழி இருந்திருக்கும். ஸெல் மட்டும் என்று அவர் ஏன் சொன்னார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இன்னொன்றும் பிறகுதான் தெரிந்தது. கலிபோர்னியாவில் வாடகைக்கு ஆள் ஏற்றும் வேனுக்கு மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் அனுமதி வேண்டும், டி.சி.பி. என்று தொடங்கும் எண் பம்பரில் இருக்க வேண்டும். ஆணையத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அம்மா வேன் முன்னால் நின்று எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன், பம்பர் மொட்டையாக இருந்தது. விபத்து ஏதாவது நடந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. புகார் அங்கேதான் கொடுத்தேன்.

அப்பா ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு வியாழக்கிழமை லீவு போட்டு, சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே பக்கத்திலேயே இருக்கும் ம்யூர் வுட்ஸ் என்ற ரெட்வுட் காட்டுக்கு நானே கூட்டிப்போனேன். அங்கே நுழைவுக் கட்டணம் உண்டு, வண்டி நிறுத்த 2018 முதல் முன்பதிவு கட்டாயம். பதிவைப் போனில் முன்பே சேமித்துக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காது. வடக்கே இருப்பவற்றோடு பார்த்தால் மரங்கள் சிறியவை, மிக உயரமானதே சுமார் 258 அடிதான். ஆனாலும் தோப்புக்குள் நுழைந்ததும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு மணி நேரம் அங்கே இருந்தோம். பென்சிலை எடுக்கவே இல்லை.

போன வாரம் நண்பர் ஒருவர் புது விளம்பரத்தை அனுப்பி, "இது உங்க அப்பா மாதிரி இருக்கே?" என்று கேட்டார். பார்த்தேன், அப்பாதான். மஞ்சள் ஸ்வெட்டர், பின்னால் மான்கள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பென்சிலை நீட்டியபடி நிற்கிறார். கீழே எழுதியிருக்கிறார்கள்: "ஹைபீரியனை நேரில் கண்டு வியக்கும் எங்கள் வாடிக்கையாளர்." விலை இப்போது 420 டாலர்.